செருப்பில் ஒட்டிய சேறு

ஊட்டிக்குப் பக்கத்தில், சாண்டிநல்லா சதுப்பில் கால் வைத்ததும் கணுக்கால் வரை உள்ளே போய்விட்டது.

செருப்பைப் பிடுங்கி எடுத்தால் மை மாதிரி கருப்புச் சேறு. நகத்தால் சுரண்டினேன். இழை இழையாய்ப் புல்வேர், பாதிதான் மக்கியிருக்கிறது. தண்ணீரில் ஊறிக்கொண்டே இருப்பதால் முழுசாக மக்க வழியில்லை. வருஷா வருஷம் மேலே மேலே படிகிறது.

நீலகிரியின் இந்த மண்ணில் கார்பனை அளந்துதான் 1993இல் சூழலியலாளர் ஆர். சுகுமார் குழுவினர் 20,000 ஆண்டு மழைக்கதையைச் சொன்னார்கள். கார்பனில் கொஞ்சம் எடை கூடிய வகை ஒன்று உண்டு, கார்பன்-13. அந்தக் கனமான கார்பன் ஓர் அடுக்கில் கூடினால் வறண்ட காலத்துப் புல். குறைந்தால் ஈரக்காலத்துச் செடிகொடி. காடு எரிந்திருந்தால் கரித்துகளும் அந்தந்த அடுக்கிலேயே தங்கிவிடும்.

என் செருப்பில் இருந்தது மேல்சேறு. மிஞ்சிப்போனால் தாத்தா காலம்.

ஆனாலும் குழாயடியில் கழுவக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது.