இரும்பு அறுக்க எந்த ரம்பம்?

மொட்டைமாடிக்குத் தகர ஷெட், தண்ணீர் டேங்குக்கு ஸ்டாண்டு, ஜன்னலுக்குக் கிரில். வேலூர்ப் பக்கம் வீட்டுப் பட்டறையில் இரும்பு அறுப்பது பெரும்பாலும் இதற்குத்தான். கைக்கு வரும் சரக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: 25 மி.மீ. ஸ்கொயர் பைப், 3 மி.மீ. ஆங்கிள், பட்டை, 8 முதல் 12 மி.மீ. வரை டிஎம்டி கம்பி. இதற்கெல்லாம் எடுத்தவுடனே 14 இன்ச் கட்டிங் மிஷின் வாங்குகிறவர்கள் நிறைய பேர். அதற்கு முன்னால் வாங்க வேண்டியவை வேறு.

இரும்பைப் பல்லால் அறுக்கலாம், அல்லது கல்லால் தேய்த்து அறுக்கலாம். பல் மெதுவாக ஓட வேண்டும், கல் வேகமாகச் சுற்ற வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதில்தான் பிளேடும் போகிறது, கையும் போகிறது.

பல் வகையில் முதலாவது ஆக்சா பிளேடு, கையால் தள்ளி அறுக்கும் ரம்பம். 12 இன்ச் பிளேடில் ஒரு இன்சுக்கு எத்தனை பல் என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும்: 14, 18, 24, 32. எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று பல்லாவது இரும்பின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். 18 பல் பிளேடில் மூன்று பல் என்பது நாலு மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். 24 பல்லில் அது ஏறக்குறைய 3 மி.மீ. அதனால் 3 மி.மீ. ஆங்கிளுக்கு 24 எடுக்க வேண்டும், கனமான சாதா கம்பிக்கும் தடித்த பட்டைக்கும் 18 போதும். பல்லின் முனை முன்பக்கம் பார்த்தபடி மாட்டி, நன்றாக இறுக்குங்கள். தள்ளும்போது அழுத்தம், இழுக்கும்போது லேசாக. நிமிடத்துக்கு 40, 50 தள்ளல் தாராளம். வேகமாக ஆட்டினால் பல் சூடேறி மழுங்கும். இரண்டு உலோகம் சேர்த்துச் செய்த பை-மெட்டல் பிளேடு விலை கூட, ஆனால் வளைந்தாலும் பட்டென்று ஒடியாது.

பலரும் திணறுவது 18 கேஜ் பைப்பில். அதன் சுவர் 1.2 மி.மீ.தான், 32 பல் பிளேடே மூன்று பல் கணக்குக்கு வராது. மேல்முகத்தை அறுக்கும்வரை தொல்லை இல்லை, பிளேடு 25 மி.மீ. அகலத்திலும் படுத்து ஓடும். அது முடிந்து இரண்டு பக்கச் சுவரில் இறங்கியதும் பல் கொக்கி மாதிரி மாட்டும், வரிசையாக உதிரும். மேல்முகம் அறுந்ததும் நிறுத்திவிட்டு, இறுக்கிப் பிடிக்கும் வைஸில் பைப்பைக் கால் சுற்று திருப்பி அடுத்த முகத்தை மேலே கொண்டு வாருங்கள். நாலு முகத்துக்கும் இப்படியே. மூலைமட்டம் வைத்து நாலு பக்கமும் கோடு கிழித்திருந்தால் கடைசி வெட்டு முதல் வெட்டோடு சரியாகச் சேரும்.

அடுத்து கல் வகை, 4 இன்ச் கிரைண்டர். நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று. அறுக்க 1 முதல் 1.2 மி.மீ. வரையுள்ள கட்டிங் வீல். அதைப் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்கக் கூடாது, தேய்க்க 6 மி.மீ. வீல் தனியாக இருக்கிறது. வீலின் நடு வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் குத்தியிருக்கும், பார்த்து வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வெளியே கிடந்த வீல் வேண்டவே வேண்டாம். துண்டாக விழ வேண்டிய பக்கம் தொங்கட்டும். இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தால் அறுபட்ட வாய் மூடி வீலைக் கவ்வும், மிஷின் நெஞ்சுக்கு எகிறும். வீலை மூடும் கார்டைக் கழற்றாதீர்கள், கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். மரம் அறுக்கும் பல் பிளேடை இதில் மாட்டவே கூடாது. கத்திரி வெயிலில் தென்னை ஓலையோ வைக்கோலோ பக்கத்தில் இருந்தால் பொறி போதும், பற்றிக்கொள்ளும். டைல்ஸ் மேல் விழுந்த பொறி அடுத்த மழைக்குத் துருப்புள்ளியாகத் தெரியும்.

டிஎம்டி கம்பிக்குக் கிரைண்டர்தான் சரி. அதன் வெளித்தோல் தண்ணீரில் குளிர்வித்துக் கடினமாக்கியது, ஆக்சாவில் மெதுவாகத்தான் போகும். ஜிஐ பைப்புக்கு நேர்மாறு: கிரைண்டரில் அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து வெள்ளைப் புகை வரும், நுரையீரலுக்கு ஆகாது. ஆக்சாவே போதும். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்றால் அதற்கென்று எழுதிய வீலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சாதா இரும்பை அறுத்த வீலைப் போட்டால் எஸ்எஸ்ஸிலும் துரு பூக்கும்.

14 இன்ச் கட்டிங் மிஷின் ஒரே அளவில் முப்பது, நாற்பது துண்டு போடுகிறவர்களுக்கு. 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும், 16 ஆம்ப் பிளக் பாயின்ட் வேண்டும். ஆங்கிளைக் கூரை மாதிரி கவிழ்த்து வைத்தால் வீல் எப்போதும் மெல்லிய பாகத்தையே தொடும், சீக்கிரம் அறுபடும். வைஸில் பொறித்த 45 டிகிரி கோட்டை நம்பாமல் மட்டம் வைத்துப் பாருங்கள். சத்தம் அதிகம். சத்துவாச்சாரி மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இதை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

இதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. இரும்பு அறுக்கும் கார்பைடு பல் பிளேடும் 14 இன்ச்தான், நடு ஓட்டையும் அதே 25.4 மி.மீ.தான், கச்சிதமாக மாட்டிக்கொள்ளும். ஆனால் அந்தப் பிளேடுக்குச் சுமார் 1,300 முதல் 1,500 சுற்று. கட்டிங் மிஷினோ 3,800 பக்கம் ஓடும். பல் கருகித் தெறிக்கும். கார்பைடு பிளேடு வேண்டுமென்றால் அதற்குரிய குறைந்த வேக மிஷினோடுதான்.

அடிக்கடி அறுக்கிறவர்களுக்கு என் ஓட்டு, வளையமான பல் பிளேடு ஓடும் சின்ன பேண்ட்சாவுக்குத்தான். பொறி கிடையாது, சத்தம் குறைவு, இரும்பை மாட்டிவிட்டு அடுத்த துண்டுக்குக் கோடு போடலாம். மெல்லிய பைப்புக்கு 14 பல்லுக்குக் குறையாத பிளேடு போட்டு, இறங்கும் அழுத்தத்தைக் குறைத்து வையுங்கள். வெட்டு கோணலாகப் போனால் பிளேடு தளர்ந்திருக்கும், அல்லது பிளேடை நேராகப் பிடிக்கும் கைடு இரும்பை விட்டுத் தள்ளி நிற்கும்.

ராணிப்பேட்டை சிப்காட் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் துண்டு வாங்குகிறவர்கள் அறுக்கும் முன் ஓரத்தில் பழைய அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். அரம் கடித்தால் எந்த ரம்பத்திலும் அறுக்கலாம். கண்ணாடி மேல் போவது மாதிரி வழுக்கினால் அது கடின எஃகு, கட்டிங் வீல் மட்டும்தான்.