மண்ணிலிருந்து ஆக்டினோமைசீட்ஸ் பிரித்த அனுபவம்

எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு நான் எடுத்தது மண்ணில் வாழும் ஆக்டினோமைசீட்ஸ், அதாவது பூஞ்சைபோல் இழை இழையாக வளரும் பாக்டீரியா. முதல் மழைக்கு வரும் மண்வாசனையில் பெரும்பங்கு இவை உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருளுடையது. 1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸில் ஆய்வு மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைப் பிரித்ததும் இந்தக் கூட்டத்திலிருந்துதான். 1952-இல் அதற்கான நோபல் பரிசு அவருடைய கைடு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. ஆய்வு மாணவர்களிடம் இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

இதை வளர்ப்பது பெரிய விஷயமில்லை, மற்றவை வளராமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கில் பாக்டீரியா. சத்தான நியூட்ரியன்ட் அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் ஜெல்லி) போட்டால் மறுநாளே மற்றவை பிளேட்டை நிரப்பிவிடும். ஆக்டினோமைசீட்ஸ் தலைகாட்டவே ஒரு வாரம் ஆகும்.

வாழைத் தோட்டத்தில் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, அரையடி ஆழத்தில் மண் எடுத்தேன். சலித்து, நிழலில் காயவைத்து, 55 டிகிரியில் சூடாக்கினேன். காய்வதையும் சூட்டையும் இவற்றின் ஸ்போர்கள் (விதைபோன்ற வித்துகள்) தாங்கும், மற்ற பாக்டீரியாவில் பெரும்பாலானவை தாங்காது. பேசிலஸ் என்ற பாக்டீரியா மட்டும் விதிவிலக்கு. அதனிடமும் ஸ்போர் உண்டு, அது கடைசிவரை தொல்லைதான். பிறகு 1 கிராம் மண்ணை 9 மில்லி ஸ்டெரைல் தண்ணீரில் கலந்து, படிப்படியாக டைல்யூட் செய்து, ஸ்டார்ச் கேசின் அகாரில் பரப்பினேன். ஸ்டார்ச்சை உடைத்துத் தின்னத் தெரிந்தவைக்குத்தான் அதில் சாப்பாடு. பூஞ்சையைத் தடுக்க நிஸ்டாட்டின் என்ற மருந்தைச் சேர்த்தேன்.

அடுத்து 28 டிகிரியில் வளர்க்க வேண்டும். கேட்கச் சுலபம். மே மாதத் திருச்சியில் அறையே 35-ஐத் தாண்டும். சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. குளிர்விக்கவும் தெரிந்த பி.ஓ.டி. இன்குபேட்டரில் ஒரு தட்டு இடத்துக்காகச் சீனியர்களிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. பிளேட் காய்ந்துபோகாமல் அகாரைக் கொஞ்சம் தடிமனாக ஊற்றுவது நல்லது.

முதலில் ஊசிமுனை அளவுப் புள்ளிகள். சில நாளில் அதன்மேல் சுண்ணாம்புத் தூள் தூவியதுபோல் வெள்ளை, சிலது சாம்பல் நிறம். மூடியைத் திறந்ததும் அதே மண்வாசனை. லூப்பால் (கம்பி வளையம்) தொட்டால் மற்ற காலனிபோல் வழித்துக்கொண்டு வராது. இழைகள் அகாருக்குள் வேரோடியிருக்கும், சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கவர்ஸ்லிப்பை அகாரில் சாய்வாகச் செருகி, அதன்மேல் வளரவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஒன்றில் ஸ்போர்கள் சுருள் சுருளாகச் சங்கிலி கட்டியிருந்தன. பிளேட்டை மறந்து ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து கிராஸ் ஸ்ட்ரீக்: ஒன்றைக் கோடாக வளர்த்து, அதற்குக் குறுக்கே மற்ற பாக்டீரியாவைக் கோடிழுத்து, அவற்றைத் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனை. அதில் அந்தச் சுருள்காரன் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸை நன்றாகத் தள்ளி நிறுத்தியது. ஈ.கோலையோ அதன் கோடு வரைக்கும் தாராளமாக வளர்ந்து வந்தது. ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவுக்கு வெளிச்சவ்வு ஒரு கவசம், அதனால் பல ஆன்டிபயாட்டிக்குகள் உள்ளே போவதே கடினம். பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் ஜீனின் சீக்வென்ஸ், ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற பேரினம் என்பதோடு நின்றது. இந்தப் பேரினத்தில் இனங்கள் அவ்வளவு நெருக்கம், அந்த ஒரு ஜீனை வைத்து இனத்தை அடித்துச் சொல்ல முடியாது.

இதைத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று: திரும்பத் திரும்ப சப்கல்ச்சர் செய்தால் (புதுப் பிளேட்டுக்கு மாற்றி வளர்த்தால்) சில ஸ்ட்ரெயின்கள் ஸ்போர் போடுவதையும் ஆன்டிபயாட்டிக் தயாரிப்பதையும் விட்டுவிடும். ஸ்போர் நன்றாக வந்ததுமே 20 சதவீத கிளிசராலில் ஸ்டாக் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.