மூலிகைக்காரியின் சாவி

பிப்ரவரி 4
வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இணைய விளையாட்டில், எங்கள் கில்டு (ஆட்டக் குழு) பட்டியலில் என் பாத்திரமான மூலிகைக்காரியின் தம்பி பெயர் இன்றும் சாம்பல் நிறத்தில்தான், அதாவது ஆட்டத்துக்குள் வராத நிலையில்தான், இருக்கிறது. ஐந்து மாதங்கள் ஆகிவிட்டன.

பிப்ரவரி 6
ஸ்டார்ம்விண்ட் நகரக் கால்வாயோரம் புதிதாக வந்த ஒருவர் மூலிகைக்காரியிடம் காயத்துக்கு மருந்து கேட்டார். கட்டுப் போட்டு முடிக்கும் வேளையில், இந்த நகரத்தை விட்டு ஏன் போகவில்லை என்று அவர் கேட்க, எனக்குப் பதில் எழுத வரவில்லை. அவளுடைய அச்சம், பிடிவாதம், இரவில் தூங்காத பழக்கம் என்று எதைத் தொட்டாலும் அது தம்பியிடம் போய் முடிகிறது; அந்தத் தம்பியோ இன்னொருவர் ஆடும் பாத்திரம். 2013 முதல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் நான் எழுதி வளர்த்தவளின் பாதி என் கையில் இல்லை என்பது இன்றுதான் எனக்கு உறைத்தது.

பிப்ரவரி 7
காய்ச்சல். உள்ளே நுழையவில்லை.

பிப்ரவரி 9
தம்பி போன கப்பல் மூழ்கிவிட்டதாக எழுதிவிடும்படி கில்டில் ஒருவர் சொன்னார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனால் என்னால் அது முடியாது. வாளை ஓங்கினேன் என்று எழுத எனக்கு உரிமை உண்டு. அது பட்டதா, விலகிற்றா என்பதை எதிரே நிற்பவர்தான் எழுத வேண்டும். பவர்பிளே, அதாவது பிறர் பாத்திரத்துக்கு நேர்வதை நாமே எழுதுவது, கூடாது என்று புதியவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் நான், ஆள் இல்லாத நேரம் பார்த்து அவருடைய பாத்திரத்தைக் கொல்வது எந்த நியாயத்தில் சேரும்? அவன் கப்பலேறினான், கடிதம் வரவில்லை. அதுவரை எழுதுவேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் எனக்குச் சொந்தமில்லை.

பிப்ரவரி 10
மறுபடியும் பட்டியலைப் பார்த்தேன். சாம்பல்.

பிப்ரவரி 13
காய்ச்சல் விட்டது. ஆட்டத்தின் பழைய வடிவம் ஓடும் கிளாசிக் சர்வரில் முதல் நிலை மனிதப் பெண் ஒருத்தியை உருவாக்கி, நார்த்ஷையரிலிருந்து கோல்ட்ஷையர் வழியாக ஸ்டார்ம்விண்டுக்கு நடத்திச் சென்றேன். அங்கே பூங்கா வட்டாரம் முழுசாக நிற்கிறது. 2010-இல் டெத்விங் என்ற டிராகன் அதை அழித்த பிறகுதான் நான் ஆடவே வந்தேன்; எனக்குத் தெரிந்ததெல்லாம் கடலைப் பார்த்து வாய் பிளந்து கிடந்த பள்ளமும், 2016-இல் அங்கே எழுந்த லயன்ஸ் ரெஸ்ட் நினைவிடமும், அதிலுள்ள வேரியன் மன்னரின் கல்லறையும்தான். நிலாக் கிணற்றின் அருகே அரை மணி நேரம் நின்றேன். மரங்களுக்கு அடியில் இரவு எல்ஃப் இனத்தாரிடம் மூலிகை கற்ற ஒரு சிறுமி இங்கே வாழ்ந்திருக்கக்கூடும் என்று தோன்றியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிப்ரவரி 14
பூங்காவின் இழப்பை அவளுடையதாக எழுத நான் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நகரத்தில் நடமாடும் எவருக்கும் அது தெரிந்த இழப்பு.

பிப்ரவரி 16
பாத்திரக் குறிப்புகளை எழுதிவைக்கும் டோட்டல் ஆர்பி 3 துணைநிரலில் அவளுடைய குறிப்பைத் திறந்தேன். "முதல் பார்வை" பகுதியில் "கழுத்தில் இரும்புச் சாவி" என்று பல ஆண்டுகளுக்கு முன்பு எழுதியிருந்தேன். அது தம்பி வீட்டுச் சாவி என்றே இத்தனை காலமும் என் மனதில் இருந்தது. சேமித்து வைத்த உரையாடல்களை விடியும் வரை தேடிப் படித்தும், அது எந்த வீட்டின் சாவி என்று அவள் ஓரிடத்திலும் சொல்லியிருக்கவில்லை. தம்பியும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அப்படியானால் அது பூங்காவில் இருந்த வீட்டின் சாவி. பூட்டும் கதவும் கடலுக்குள் போயிருக்க, அவள் சாவியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"தற்போது" என்ற கட்டத்தில் "தம்பியைத் தேடிக்கொண்டிருக்கிறாள்" என்ற வரி இருந்தது. அதை அழிக்க வெகு நேரம் எனக்குக் கை வரவில்லை. கடைசியில் "காயங்களுக்குக் கட்டுப் போடுகிறாள், விலை பேசலாம்" என்று மாற்றினேன். தம்பியின் பெயரை வரலாற்றுப் பகுதியில் அப்படியே விட்டிருக்கிறேன், அவனை ஆடுபவர் திரும்பி வந்தால் அவனுக்கென்று ஓர் இடம் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 18
கால்வாயோரம் அதே ஆள் வந்தார். காயம் ஆறவில்லையாம். தன் கேள்வியை அவர் மறக்கவில்லை. அவள் சாவியைத் தொட்டு, லயன்ஸ் ரெஸ்ட் இருக்கும் திசையைக் காட்டி, "கல்லறைக்கு இடப்பக்கம் எங்கள் சமையலறை இருந்தது" என்றாள். நான் யோசித்து எழுதியதல்ல, தானாக வந்தது.

பிப்ரவரி 19
நாளை துறைமுகத்தில் கடை போடுகிறாள்.