ட்ரூசோ என்று மட்டும் எழுதினேன்

காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா அவர். தைராய்டு ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். நான் அப்போது ஹவுஸ் சர்ஜன். பிரஷர் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்று ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில், "டாக்டர்மா, நரம்பு இஸ்துக்கினு போவுது" என்றார். மணிக்கட்டு மடங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய், மற்ற விரல்கள் விறைப்பாக ஒட்டி நின்றன. இறுக்கமான வளையல் போடும்போது கையைக் குவிப்போமே, அப்படியே.

தைராய்டை ஒட்டி அரிசி மணி போல பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. ஆபரேஷனில் அவை அடிபட்டால் கால்சியம் இறங்கும். அப்போது பட்டையில் காற்றை, பிரஷரின் மேல் எண்ணான சிஸ்டாலிக் அளவுக்கு 20 மேலே ஏற்றி 3 நிமிடம் வைத்தால் கை இப்படி இழுக்கும். பிரெஞ்சு மருத்துவர் ட்ரூசோ 1861இல் சொன்னது. படித்ததைக் கண்ணால் கண்ட சந்தோஷம் எனக்கு. கேஸ் ஷீட்டில் 'ட்ரூசோ பாசிட்டிவ்' என்று எழுதி, ரத்தம் அனுப்பிவிட்டு, டியூட்டி முடிந்து கிளம்பிவிட்டேன்.

அதே ட்ரூசோ 1865இல் இன்னொன்றும் சொன்னார்: ரத்தக்குழாய் அழற்சியும் உறைவும் இடம் மாறி மாறி வந்தால் உள்ளே புற்றுநோய் இருக்கலாம். 1867இல் அதைத் தன் உடம்பிலேயே கண்டு, அதே ஆண்டு இரைப்பைப் புற்றுநோயில் இறந்தார். நான் எழுதியதைப் படித்த அடுத்த டியூட்டி டாக்டர் இந்த இரண்டாவதைத்தான் நினைத்தார். ரத்த உறைவு இருக்கிறதா என்று பார்க்கும் டாப்ளர் ஸ்கேனைக் காலுக்கு எடுக்க அம்மாவைத் தள்ளிப் போனார்கள். கால்சியம் மருந்து ஏறச் சாயங்காலம் ஆயிற்று. அதற்குள் உதடு மரத்து, இரண்டு கையும் இழுத்து, பக்கவாதம் வந்துவிட்டதென்று அழுதாராம். மறுநாள் அவரே சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த டாக்டர்மேல் தப்பில்லை. பார்த்ததை எழுதாமல் பெயரை எழுதியது நான்.

நம் ஊர்ப் பேச்சிலும் இதே சிக்கல் உண்டு. கை இழுத்தாலும் நரம்பு, ரத்தக்குழாய் தடித்தாலும் நரம்பு, சுளுக்கினாலும் நரம்பு. அதனால் இப்போதெல்லாம் விரலால் தொட்டுக் காட்டச் சொல்கிறேன்.

பல வருஷம் கழித்துத் திருவொற்றியூர்ப் பெரியவர் ஒருவர், "நரம்பு வலிக்குதும்மா" என்று வந்தார். "எங்கே, காட்டுங்க ஐயா" என்றேன். முழங்கைக்குக் கீழே சிவந்து கயிறு போலத் தடித்திருந்த ரத்தக்குழாயை நீவிக் காட்டினார். போன வாரம் இடது காலில் இருந்ததாம், சாப்பாடும் இறங்கவில்லையாம். அவர் காட்டியதையும் சொன்னதையும் அப்படியே சீட்டில் எழுதி, வயிற்று ஸ்கேனுக்கு அனுப்பினேன்.