ஏழாவது கேள்வி

மார்ச் 4
வலது மணிக்கட்டில் கட்டு. இடது கையால் தட்டுகிறேன்.

மார்ச் 6
இன்சார்ஜ் சிஸ்டர் போன் செய்தார். சம்பவ அறிக்கை இன்னும் வரவில்லையாம். படிவத்தில் ஏழாவது கேள்வி: 'இதைத் தவிர்க்க நீங்கள் என்ன செய்திருக்கலாம்?' மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 7
தூக்கம் வரவில்லை. எழுதியாவது பார்க்கிறேன்.

அன்று கேஷுவால்டியில், மூச்சுத் திணறலோடு வந்த ஒரு அம்மாவை முதலில் உள்ளே எடுத்தோம். கை உடைந்த பையனின் அப்பா நாற்பது நிமிடமாகக் காத்திருந்தார். வந்த வரிசைப்படி இல்லை, யாருக்கு உயிராபத்தோ அவர்களைத்தான் முதலில் பார்ப்போம் என்று நான்கு முறை சொன்னேன். ஐந்தாவது முறை என் ஐடி கார்டு நாடாவைப் பிடித்து இழுத்தார். இழுத்தால் கழன்றுவிடும் நாடாக்கள் உண்டு. எங்களுக்குக் கொடுத்தது அது இல்லை. விழும்போது கையை ஊன்றினேன்.

போன வருடம் சோடியம் குறைந்து குழம்பிப்போன பெரியவர் ஒருவர் என்னைக் கடித்தார். தெளிந்ததும் நான்தான் அவருக்குத் தலை வாரிவிட்டேன். ஒரு துளி கோபம் வரவில்லை. பையனின் அப்பா குழம்பவில்லை. நாடாவைத் தொடும் முன் செக்யூரிட்டி பக்கத்தில் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 8
பையனுக்கு மாவுக்கட்டு போட்டார்களா? யாரும் சொல்லவில்லை.

மார்ச் 10
உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, மருத்துவப் பணியாளர்களில் 8 முதல் 38 சதவீதம் பேர் பணிக்காலத்தில் ஒருமுறையாவது அடிபடுகிறார்கள். திட்டும் மிரட்டலும் அதைவிட அதிகம். 8 எங்கே, 38 எங்கே! எழுதிக் கொடுக்காதவர்கள்தான் நடுவில் இருக்கிறோம் என்று தோன்றுகிறது. பதினோரு வருடத்தில் ஊசி குத்தியதற்கு மூன்று அறிக்கை எழுதியிருக்கிறேன். அறை வாங்கியதற்கு ஒன்றுகூட இல்லை.

மார்ச் 11
சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 190-ஆவது உடன்படிக்கை, 2019. வேலை கொடுப்பவர்தான் வன்முறையைத் தடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும், அதற்கு நாடுகள் சட்டம் போட வேண்டும் என்கிறது. அப்புறம் ஏன் ஏழாவது கேள்வி என்னிடம் வருகிறது?

மார்ச் 12
கழுத்தில் இருந்த கோடு மங்கிவிட்டது. போட்டோ எடுத்து வைக்காமல் விட்டேனே.

மார்ச் 14
கட்டைப் பிரித்தார்கள். நாளை நைட் டியூட்டி.
ஏழாவது கேள்விக்கு எழுதிவிட்டேன்: 'இரவில் கேஷுவால்டியில் ஒரே நர்ஸ். இன்னொருவரைக் கேட்டு ஜனவரியிலேயே கடிதம் கொடுத்தேன்.' இன்னும் அனுப்பவில்லை.

மார்ச் 15
அனுப்பினேன். கார்டைச் சட்டையில் குத்திக்கொண்டேன், நாடா வேண்டாம். இன்றைக்கும் நான் ஒருத்திதானாம்.