ஆங்கில கஸல்: காஃபியாவில் மாட்டிக்கொண்ட 3 வாரம்

ஆங்கிலத்தில் ஒரு கஸல் (உருது, பாரசீகத்தில் வழங்கும் கவிதை வடிவம்). 7 ஷேர், அதாவது 7 ஈரடி, எழுதுவதாகத் திட்டம். தேறியது 4. மத்லா (முதல் ஷேர்) மட்டும் 11 முறை மாறிவிட்டது.

முதலில் 'ஐ ரிமெம்பர்' என்று ரதீஃப் (ஷேரின் கடைசியில் மாறாமல் திரும்பி வரும் சொல்) வைத்தேன். உருதில் வாக்கியம் 'ஹை', 'தா' என்று வினையில் போய் முடியும்; நம் தமிழும் அப்படித்தான். ரதீஃப் தானாக வந்து உட்கார்ந்துவிடும். ஆங்கிலத்தில் வினை நடுவிலேயே வந்துபோகிறது. அதைக் கடைசிக்கு இழுத்தால் நினைவிலிருக்கும் கதவு, நினைவிலிருக்கும் தட்டு என்று மளிகைச் சீட்டாகிவிடுகிறது. நான்காம் நாள் தூக்கிப் போட்டேன். ஆங்கிலத்தில் கஸல் எழுதிய காஷ்மீர் கவிஞர் ஆகா ஷாஹித் அலி ரதீஃபாகக் கையாண்ட 'டுநைட்', 'இன் அரபிக்', 'ஈவன் த ரெயின்' மூன்றிலும் வினையே கிடையாது. எந்த வாக்கியத்தின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும். மனுஷன் சும்மா எடுக்கவில்லை.

ஆகவே இப்போது 'அட் த விண்டோ'. காஃபியா, அதாவது ரதீஃபுக்கு முன்னால் வரும் இயைபுச் சொல், 'லேட்', 'கேட்'. இயைபுச் சொல் தேடினால் பக்கம் பக்கமாகக் கொட்டுகிறது, பாதி ஏமாற்று. 'சாக்லெட்' எழுத்தில் 'லேட்' போல முடியும், வாயில் முடியாது. 'ஹெசிடேட்' ஒலிக்கும், ஆனால் அழுத்தம் முதல் அசையில். ரதீஃபுக்கு முன்னால் நிறுத்தினால் அடி நொண்டுகிறது. எடைக்கும் காத்திருப்புக்கும் ஒரே 'வெயிட்'தானே என்று மத்லாவின் இரண்டு அடியிலும் வைத்துவிட்டுப் பெருமையாகத் தூங்கினேன். காலையில் படித்தால் சகிக்கவில்லை. சிலேடை காளமேகத்தோடு போகட்டும்.

நண்பரிடம் வாசித்துக் காட்டினேன். மூன்றாவது ஷேரில் 'ப்ளேட்' என்றதும் அவரே 'அட் த விண்டோ' என்றார். முஷாயிராவின் (கவிஞர்கள் கூடி வாசிக்கும் அரங்கு) ருசியே அதுதானே! அடுத்து 'ஸ்டேட்' என்றேன், ஆள் அசையவில்லை. எதுகையை வரித் தொடக்கத்தில் தேடிப் பழகிய காது எனக்கு. வாலில் வரப்போவதை முன்கூட்டி உணரவைக்கும் வித்தை இன்னும் பிடிபடவில்லை.

அமெரிக்கக் கவிஞர் ஏட்ரியன் ரிச் 1968இல் உருதுக் கவிஞர் காலிபை முன்வைத்து எழுதியபோது ரதீஃப், காஃபியா இரண்டையும் விட்டுவிட்டார். இந்த மாதிரி கஸல்களோடுதான் ஷாஹித் சண்டை போட்டார். 2000இல் அவர் தொகுத்த நூலின் துணைத்தலைப்பே 'ஆங்கிலத்தில் உண்மையான கஸல்கள்'. எனக்கு இரவு ஒரு மணிக்கு மேல் ரிச் பக்கம் சாயத் தோன்றும். (அந்தத் தொகுப்பைப் பழைய பிரதியாக வாங்கினேன். பசை விட்டு, பக்கங்கள் தனித்தனியாக வந்து சேர்ந்தன. ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்து நிற்கும் ஷேர் மாதிரியே.)

மக்தாவை (கவிஞர் தன் பெயரை வைக்கும் கடைசி ஷேர்) இன்னும் தொடவில்லை. ஷாஹித் என்றால் பாரசீகத்தில் காதலுக்குரியவர், அரபியில் சாட்சி; அதை வைத்தே அவர் ஒரு மக்தா கட்டிவிட்டார். என் பெயரில் 4 அசை (நேர், நிரை அல்ல, ஆங்கிலக் கணக்கு). ரதீஃபில் 4, காஃபியா 1. 10 அசை அடியில் மிச்சம் ஒன்றே ஒன்று! பெயரை முதலடிக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். அதற்குள் அடுத்த கஸலுக்கு 'அண்டில் மண்டே' என்று ரதீஃப் தோன்றிவிட்டது. காஃபியா இனிமேல்தான்.