மதிப்பெண் கடிதம் வந்த மாதம்: ஜெர்மனியில் மாணவர் ஊழியராகும் இடைவெளி

ஜெர்மனியில் முதுநிலை முடிக்கும் தம்பிகள் பலர் பட்டமளிப்பு விழாவைத்தான் படிப்பின் முடிவு என்று எண்ணியிருக்கிறார்கள். சட்டத்துக்கு அந்த நாள் ஒரு பொருட்டல்ல. தீசிஸ் உட்பட எல்லா மதிப்பெண்ணும் வந்து, தேர்ச்சி என்று பல்கலைக்கழகம் எழுத்தில் தெரிவிக்கும் நாள்தான் கணக்கு. அந்த மாதக் கடைசியோடு, படித்துக்கொண்டே வேலை செய்யும் மாணவருக்குக் காப்பீட்டுப் பிடித்தத்தைக் குறைக்கும் வெர்க்ஷ்டூடண்ட் சலுகை முடிந்துவிடும், செமஸ்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாலும். அதே வேலை தொடர்ந்தால் அடுத்த மாதத்திலிருந்து முழு சமூகக் காப்பீட்டுப் பிடித்தம் வர வேண்டும். கடிதம் வந்த வாரமே எச்.ஆருக்குச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் பின்னால் பாக்கி என்று வந்து நிற்கும்.

மருத்துவக் காப்பீடு வேறு தேதியில் அறுபடுகிறது. மாணவர் கட்டணம் செமஸ்டர் முடியும்வரை செல்லும். அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் அதே காப்பீட்டு நிறுவனம் தானாகவே உங்களை விருப்ப உறுப்பினராக மாற்றும். வருமானமே இல்லாதவருக்கும் மாதம் 250 யூரோவுக்கு மேல் வரும். வருமான விவரம் கேட்டு ஒரு படிவம் தபாலில் வரும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அதை நிரப்பி அனுப்பாதவருக்கு உச்ச வருமானம் இருப்பதாக வைத்துக் கட்டணம் போடுவார்கள், அது பல மடங்கு. விடுதி அறையைக் காலி செய்துவிட்டு நண்பர் வீட்டில் தங்கியிருப்பவருக்குத் தபால் போய்ச் சேராது. அறை மாறும் நாளிலேயே அஞ்சல் பெட்டியில் யார் பெயர் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். புது முகவரியை 2 வாரத்துக்குள் பதிவு செய்யவும் வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் தேவை.

வேலை தேட 18 மாத அனுமதி உண்டு. அந்தக் காலத்தில் எந்த வேலையும் செய்யலாம், மணிக்கணக்கு வரம்பு இல்லை. செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்றும் காப்பீடும் கேட்பார்கள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் அப்பாயிண்ட்மென்ட் கிடைக்க மாதங்கள் ஆகும் ஊர்கள் உண்டு. அதனால் கையிலிருக்கும் தங்கும் அனுமதிக் கார்டு காலாவதியாவதற்கு முன்பே விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். போயிருந்தால் முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகவே சட்டம் கருதும். அதற்குச் சான்றான ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நாள் பிந்தினாலும் அந்தப் பாதுகாப்பு உறுதியில்லை.

ப்ளூ கார்டு என்பது பட்டம் பெற்ற வெளிநாட்டு ஊழியருக்கான தங்கும் அனுமதி. அதற்கான சம்பள வரம்பு ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும். 2025இல் அது ஆண்டுக்கு 48,300 யூரோவாக இருந்தது. பட்டம் பெற்று 3 ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கு அந்த ஆண்டு 43,759.80. இந்த ஆண்டின் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் உறுதியாக எழுதிய தொகைதான் எடுபடும், கிடைத்தால் கிடைக்கும் போனஸ் அல்ல. வரம்புக்குச் சற்றுக் கீழே ஆஃபர் வந்தால் கையெழுத்துக்கு முன் அந்த வித்தியாசத்தைக் கூட்டிக் கேளுங்கள். காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வரம்பு எட்டாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். ஜெர்மன் பட்டம் உள்ளவருக்குச் சாதாரண திறன்பணி அனுமதியிலேயே 2 ஆண்டில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கேட்கலாம். அதற்கு பி1 எனப்படும் இடைநிலை ஜெர்மன் வேண்டும். ப்ளூ கார்டில் பி1 இருந்தால் 21 மாதம், இல்லையென்றால் 27. ஆகவே சம்பளத்தைவிட மொழி வகுப்பை நம்புவதே மேல்.

முதல் சம்பளச் சீட்டு வந்ததும் வரி வகுப்பைப் பாருங்கள், மாதம் எவ்வளவு வரி பிடிப்பது என்பதைத் தீர்மானிக்கும் எண் அது. திருமணமாகாதவருக்கு 1 இருக்க வேண்டும். 6 என்றிருந்தால், வரி எண் நிறுவனத்துக்குப் போகவில்லை, அல்லது பழைய மாணவர் வேலையை அந்த நிறுவனம் இன்னும் கணக்கிலிருந்து எடுக்கவில்லை. மாதம் 4,000 யூரோ சம்பளத்தில் கைக்கு ஏறத்தாழ 2,600 வருவது இயல்பு. 6ஆம் வகுப்பில் அதைவிட நன்றாகவே குறையும். ஓய்வூதியத்துக்கு மட்டும் 9.3 சதவீதம் உங்கள் பங்கு, அதே அளவை நிறுவனமும் கட்டும்.

வீட்டு வைப்புத்தொகை, வெறும் வாடகையின் (சூடேற்றல் போன்ற செலவு சேராத மாத வாடகை) 3 மடங்கைத் தாண்டக் கூடாது. 3 தவணையாகக் கட்ட உரிமை உண்டு. வீட்டைக் காலி செய்யும் அறிவிப்பு காகிதத்தில் கையெழுத்தோடு போக வேண்டும். மின்னஞ்சல் செல்லாது.

கடைசியாக, மாணவர் வேலையிலிருந்து விலகும்போது ஆர்பைட்ஸ்ட்சோய்க்னிஸ் என்ற பணிச் சான்றிதழைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. அதிலுள்ள பாராட்டுகளில் ஒரு மதிப்பெண் ஒளிந்திருக்கும். ‘ஸ்டெட்ஸ் ட்சூ உன்செரர் ஃபோல்ஸ்டென் ட்சுஃப்ரீடன்ஹைட்’, அதாவது ‘எப்போதும் எங்களுக்கு முழுமையான திருப்தி’ என்றால் முதல் தரம். வெறும் ‘ட்சூ உன்செரர் ட்சுஃப்ரீடன்ஹைட்’, அதாவது ‘எங்களுக்குத் திருப்தி’ என்று மட்டும் இருந்தால் அது நான்காம் தரம். படிக்க இனிக்கும், ஆனால் அடுத்த எச்.ஆருக்கு அதன் பொருள் தெரியும். தெரிந்த ஜெர்மானியர் ஒருவரிடம் காட்டிவிட்டு, தேவைப்பட்டால் அந்த வாரமே திருத்தம் கேளுங்கள். மேலாளர் வேலை மாறிப் போய்விட்டால் யாரும் திருத்தித் தர முன்வர மாட்டார்கள்.